ஏப்ரல் 15 வரை

ஜனவரி 19, 2024

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து, தொழில்சார் உளவியலில் முனைவர் பட்டப் படிப்புக்கான நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். மூன்று பேராசிரியர்கள், ஆளுக்கு அரை மணி நேரம், ஸூமில். இது சாதாரண உரையாடல்தான், தயாரிப்பு எதுவும் தேவையில்லை என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறார்கள். வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறைகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு துறை, தன் மாணவர்களைச் சும்மா பேசிப் பார்த்து எடுக்கப் போகிறது.

ஜனவரி 27

நான் வேலை பார்க்கும் மில்லில் இன்று ரிங் பிரேமுக்கு, அதாவது நூல் நூற்கும் இயந்திரத்துக்கு, ஆள் எடுத்தோம். நான் தயாரித்த படிவத்தில் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. எல்லோரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்க வேண்டும். எந்த மாதிரிப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதும் கீழேயே அச்சிடப்பட்டிருக்கிறது. மேலாளர் முதலில் வந்த பெண்ணிடம் எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று மட்டும் கேட்டார். அவள் வெளியே போனதும் "வெச்சுக்கலாம்" என்று சொல்லி, மொத்தக் கட்டத்தில் 21 என்று எழுதிவிட்டு, கூட்டினால் 21 வருமாறு மேலே இருந்த ஐந்து கட்டங்களையும் நிதானமாக நிரப்பினார். "முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சு போயிருமுங்க" என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

பிற்பகலில் நடந்த சோதனை வேறு விதம். மேஸ்திரி ஓடுகிற பிரேமில் சில இழைகளை அறுத்துவிட்டு ஸ்டாப் வாட்சை அழுத்தினார். முன்பு வேறொரு மில்லில் சைடராக, அதாவது பிரேமில் அறுந்த இழைகளை ஒட்டுபவராக, இருந்த பெண், முழங்காலால் பிரேக்கை அழுத்தி, நூல் சுற்றும் ஸ்பிண்டிலை நிறுத்தி, நூலின் நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்ற சிறு வளையத்தில் மாட்டி, முன் ரோலரிலிருந்து வரும் பஞ்சோடு ஒட்டவைத்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். அவளுடைய ஊரையும் அப்பாவையும் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 9

நேர்காணல் முடிந்தது. இங்கே இரவு எட்டரை மணி, அங்கே காலை பத்து. முதலாமவர் என் முதுகலை ஆய்வேட்டின் மாதிரியளவைப் பற்றிக் கேட்டார். தெளிவாகவே பதில் சொன்னேன். இரண்டாமவர் கோயம்புத்தூரில் வெயில் எப்படி என்று ஆரம்பித்து, தாம் எப்போதோ ஊட்டிக்கு மலை ரயிலில் போன கதையிலேயே பாதி நேரத்தைச் செலவிட்டார். மூன்றாமவர் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். மற்ற விண்ணப்பதாரர்களிடம் ஊட்டி ரயில் வந்திருக்க வாய்ப்பில்லை. அப்படியென்றால் அவர்களையும் என்னையும் எந்த அளவுகோலில் வைத்து ஒப்பிடுவார்கள்?

1998இல் ஷ்மிட், ஹன்ட்டர் என்ற உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் இடையிலான ஒட்டுறவு (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.51 என்றும், கட்டமைக்கப்படாததற்கு 0.38 என்றும் கணக்கிட்டார்கள். 2022இல் சாக்கெட்டும் உடனிருந்தவர்களும் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். ஏற்கனவே வேலையில் இருப்பவர்களை வைத்து நடந்த ஆய்வுகளுக்கும், தேர்வில் வடிகட்டப்பட்டவர்கள் தரவில் இல்லாததை ஈடுகட்டும் திருத்தத்தை ஒரே அளவில் போட்டதால் பழைய எண்கள் ஊதிவிட்டன என்பது அவர்கள் வாதம். அவர்களிடம் முதல் இடத்துக்கு வந்த கட்டமைக்கப்பட்ட நேர்காணலே 0.42தான். இன்று எனக்கு நடந்தது கட்டமைக்கப்படாதது: 0.19. வர்க்கப்படுத்தினால், ஆளுக்கு ஆள் பணித்திறனில் உள்ள வேறுபாட்டில் அது விளக்குவது நூற்றில் நான்கு பங்குகூட இல்லை. என்னிடம் பேசிய மூவருக்கும் இந்த அட்டவணை மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 10

ஊட்டி ரயில் கதைக்கு நான் போதுமான அளவு சிரித்தேனா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 24

காத்திருப்போர் பட்டியல். எத்தனையாவது இடம் என்று சொல்ல மாட்டார்களாம். நிதியுதவியோடு இடம் பெற்றவர்கள் ஏப்ரல் 15 வரை யோசித்து முடிவு சொல்லலாம் என்பது அமெரிக்கப் பட்டப்பின் கல்வி நிறுவனங்களுக்கிடையே இருக்கும் உடன்பாடு. ஆகவே யாரோ ஒருவர் வேறொரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் வரை நான் காத்திருக்க வேண்டும்.

இரவு உளவியலாளர் ராபின் டாஸின் 1971ஆம் ஆண்டுக் கட்டுரையை மறுபடியும் எடுத்தேன். ஓரிகன் பல்கலைக்கழக உளவியல் துறையின் சேர்க்கைக் குழு என்ன செய்கிறது என்பதைப் பார்த்து, ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண், கல்லூரி மதிப்பெண், படித்த கல்லூரியின் தரம் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு அவர் ஒரு சூத்திரம் செய்தார். அதைக் கொண்டு விண்ணப்பங்களில் 55 விழுக்காட்டை முதலிலேயே ஒதுக்கியிருந்தாலும், குழு சேர்த்துக்கொண்ட ஒருவர்கூட விடுபட்டிருக்க மாட்டார். அது மட்டுமல்ல, மாணவர்கள் பிற்காலத்தில் எப்படிப் படித்தார்கள் என்பதைக் குழுவைவிடச் சூத்திரமே நன்றாகக் கணித்தது. அந்தச் சூத்திரத்தில் எனக்கு எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்க்க நினைத்தேன். கல்லூரியின் தரம் என்ற கட்டத்தில் என் கல்லூரிக்கு அங்கே யார் எந்த எண்ணைக் கொடுப்பார்கள் என்று யோசித்ததோடு தாளை மூடி வைத்தேன்.

மார்ச் 3

பெரியப்பாவிடம் மறுபடியும் விளக்கினேன்: இது மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் படிப்பு அல்ல. அவர் "அப்ப மில்லுல இருக்கறவங்களுக்குத்தான் வைத்தியமா?" என்று கேட்டார். ஒரு விதத்தில் ஆமாம் என்றேன். 1923இல் எல்டன் மேயோ என்ற ஆய்வாளர் பிலடெல்பியாவில் நூல் நூற்கும் ஒரு பிரிவுக்குப் போனபோது, நூறு பேர் இடத்தில் ஆண்டுக்குச் சுமார் 250 பேர் என்ற கணக்கில் ஆட்கள் வேலையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள் என்றும், இடையிடையே படுத்து ஓய்வெடுக்க விட்ட பிறகு அது குறைந்தது என்றும் சொன்னேன். பெரியப்பா முப்பது வருடம் ஸ்பின்னிங்கில் நின்றவர். படுக்க விட்டார்களா என்பதை மட்டும் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மார்ச் 11

அமெரிக்காவில் நேற்றுக் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள். பத்தரை மணி நேர வித்தியாசம் ஒன்பதரை ஆகியிருக்கிறது. அவர்கள் அலுவலகம் திறப்பது இனி நமக்கு மாலை ஆறரை.

மார்ச் 18

முதுகலைக்கு விண்ணப்பித்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நிதியுதவி இல்லை. முன்பணத்தை ஏப்ரல் 1க்குள் கட்ட வேண்டும், திரும்பக் கிடைக்காது. ஏப்ரல் 15 உடன்பாடு பணம் கொடுத்து அழைப்பவர்களைத்தான் கட்டுப்படுத்தும். நம்மிடம் பணம் வாங்குபவர்களை அல்ல. இங்கே ஒரு முதுகலை முடித்துவிட்டு, அங்கே போய் இரண்டாவது முதுகலையைக் கடனில் படிப்பதா என்று அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே முதுகலையோடு நின்றுவிட்டவர்களும் ஆலோசனை நிறுவனங்களிலும் பெரிய நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகளிலும் தேர்வு, மதிப்பீட்டுப் பணிகளுக்குப் போகிறார்கள் என்பதும் உண்மை. ஆய்வு செய்ய வேண்டுமென்றால் முனைவர் பட்டம் இல்லாமல் நடக்காது. எனக்கு ஆய்வுதான் வேண்டும். வேண்டும் என்பதற்காக அந்த முதுகலைக்கான 19 லட்சக் கடனை வேண்டாம் என்று சொல்ல முடிகிற வீடும் அல்ல, சரி என்று சொல்ல முடிகிற வீடும் அல்ல.

மார்ச் 28

அவகாசம் கேட்டு எழுதியதற்கு ஏப்ரல் 16 வரை தருவதாகப் பதில் வந்திருக்கிறது. அம்மா கோனியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்.

ஏப்ரல் 6

தேர்வாகாதவர்கள் உள்ளே வந்திருந்தால் எப்படிச் செய்திருப்பார்கள் என்பது எந்தச் சேர்க்கைக் குழுவுக்கும் தெரியாது. சேர்த்துக்கொண்டவர்களைப் பற்றிய தரவு மட்டுமே அவர்களிடம் மிஞ்சும். இந்த ஓட்டையைத் தற்செயலாக அடைத்த ஓர் ஊர் ஹூஸ்டன். 1979இல் அங்கிருந்த மருத்துவக் கல்லூரி, டெக்சஸ் சட்டமன்றத்தின் உத்தரவால் கடைசி நேரத்தில் மேலும் 50 பேரைச் சேர்க்க வேண்டி வந்தது. நேர்காணலுக்குப் பிறகு ஒதுக்கப்பட்டவர்களிலிருந்துதான் எடுக்க முடிந்தது. 1987இல் வெளியான ஆய்வின்படி, முதலில் தேர்வானவர்களுக்கும் இந்த 50 பேருக்கும் படிப்பிலோ, பின் வந்த பயிற்சி ஆண்டிலோ சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. இன்று இதை நான் தேடிப் போனது ஆய்வு ஆர்வத்தால் அல்ல.

ஏப்ரல் 9

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14

சித்திரைக் கனி. அம்மா எழுப்பிக் கண்ணாடி முன் உட்கார வைத்தபோது, தட்டில் பழங்களுக்கும் காசுக்கும் நடுவே என் பாஸ்போர்ட்டும் இருந்தது. "ஏங்கண்ணு, நாளைக்குத்தானே கடைசி?" என்று கேட்டார். அவர்களுக்குத்தான் கடைசி, எனக்கு நாளை மறுநாள் என்றேன்.

ஏப்ரல் 15

ஆறரைக்கு மேல் மின்னஞ்சலை எத்தனை முறை திறந்தேன் என்பதை எழுதுவதாக இல்லை. அவர்களுக்கு மாலை ஐந்து ஆகும்போது இங்கே இரண்டரை. அப்பா வங்கிக் கடனுக்கான தாள்களைக் கையெழுத்திட்டு மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். கட்டு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மில்லில் வியாழக்கிழமை மறுபடியும் ஆள் எடுக்கிறோம். படிவத்தில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார்: மொத்த மதிப்பெண் கட்டத்தை முதலில் போட்டுவிட்டால் நிரப்ப வசதியாக இருக்குமாம்.