சாதுவின் மேல் மூன்று மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் புதன்கிழமையாகிய இன்று நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதும் நிலைக்கு உடம்பு இன்னும் வந்து சேரவில்லை.

நம் சமுதாயக் கூடத்தின் கூரை ஒழுகுவது உங்களுக்குப் புதிய செய்தியல்ல. அதைச் செப்பனிடப் பணம் திரட்டுவதற்குக் குதிரைப் பயணம் நடத்தலாம் என்று முதலில் சொன்னவர் யார் என்பது பற்றி இப்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. கூடத்தில் புறப்பட்டுக் காட்டுப்பாதையில் 12 கிலோமீட்டர் சுற்றிவிட்டுக் கூடத்துக்கே திரும்ப வேண்டும். கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தருகிறோம் என்று தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். வழியில் ஐந்து இடங்களில் சீட்டுக்கட்டிலிருந்து ஆளுக்கொரு சீட்டு தருவார்கள், முடிவில் யார் கையில் நல்ல சேர்க்கை இருக்கிறதோ அவருக்குப் பரிசு. பெயர் கொடுத்தவர் என் கணவர். வாக்குறுதிகளை வீடு வீடாகப் போய் வாங்கியவரும் அவரே. புறப்பட வேண்டிய காலையில் அவருடைய இடுப்புப் பிடிப்பு, வழக்கம்போல, குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது.

"எழுதிக் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது?" என்று அவர் படுத்தபடியே என்னைப் பார்த்தார். நான் என் மாமியாரைப் பார்த்தேன். அவர் என் காலணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கே போனதும் முதலில் எடையைக் கேட்டார்கள். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்காம். 450 கிலோ குதிரை என்றால் 90 கிலோ. நான் ஓர் எண்ணைச் சொன்னேன். "அது கல்யாணத்தின்போது" என்று பின்னாலிருந்து மாமியார் திருத்தினார். எனக்குக் கொடுத்த குதிரையின் உயரம் 15 கை என்றார்கள். ஒரு கை என்பது நான்கு அங்குலம். அதுவும் பிடரி முடியும் தோள்மேடு வரைக்கும்தான் அளவு, கழுத்தும் தலையும் கணக்கில் வராது. ஐந்தடிதானே என்று தைரியமாக அருகில் போய் நிமிர்ந்து பார்த்தவளுக்கு, கணக்கில் வராத பகுதி எவ்வளவு பெரியது என்பது புரிந்தது.

அதன் பெயர் சாது. பெயரைக் கேட்டு நிம்மதி அடைந்தேன். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது ஏறி உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. போக வேண்டியதும் காட்டுக்குள்தான்.

சேணத்து வாரை இறுக்கும்போது சாது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டது. உடனே நம்பிவிடக் கூடாது, நாலு எட்டு நடக்கவிட்டு மறுபடியும் இறுக்க வேண்டும், இல்லையென்றால் சேணம் சவாரியாளரோடு சேர்ந்து வயிற்றுப் பக்கம் சுழன்றுவிடும் என்றாள் வழிகாட்டிப் பெண். தையல்காரர் அளவு நாடாவைப் பிடிக்கும்போது எங்கள் வீட்டில் ஒருவர் இதையே தலைகீழாகச் செய்வார், வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார். இரண்டிலும் மூச்சை விட்ட பிறகுதான் உண்மை தெரியவரும்.

இடப்பக்கமாகத்தான் ஏற வேண்டும், பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடி என்னும் கால்வளையத்தில் இருக்க வேண்டும், குதிகால் கீழே, பார்வை முன்னே, கடிவாளத்தைத் தளர்வாகவும் பிடிக்க வேண்டும், விட்டும்விடக் கூடாது. எனக்கு ஒரு சமயத்தில் ஒன்றுதான் வரும். குதிகாலைத் தாழ்த்தினால் கை உயர்ந்தது. கையைத் தாழ்த்தினால் கண் தாழ்ந்தது. முன்னே சென்ற குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். விழாவுக்காகச் செய்த அலங்காரம் என்று ரசித்தபடியே நெருங்கினேன். "அக்கா, அது உதைக்கும் குதிரை! அதற்குத்தான் அந்த நாடா!" என்று வழிகாட்டிப் பெண் கத்திய கத்தலில் முன்னே சென்றவரும் பின்னே வந்தவரும் நின்றார்கள், சாது மட்டும் நிற்கவில்லை. நல்லவேளையாக அதற்கு அந்த நாடாவின் பொருள் என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு குதிரை நீளத்துக்கு இடைவெளி விட்டுத் தானாகவே ஒதுங்கி, பாதையோரப் புல்லில் வாயை வைத்தது.

அந்தப் புல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேயவிடக் கூடாது, ஒருமுறை இடம் கொடுத்தால் பயணம் முழுவதும் அதே வேலையாகிவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். நான் கடிவாளத்தை இழுத்தேன். அது தலையைக் கீழே இழுத்தது. 450 கிலோவுக்கும், மாமியார் திருத்திய என் எடைக்கும் நடந்த அந்தப் போட்டியில் நான் சேணத்திலிருந்து பிடரிக்கு இடம் பெயர்ந்தேன். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர ஏறத்தாழ எல்லாத் திசையும் அதற்குத் தெரியுமாம். அப்படிப்பட்ட கண் ஒன்று மேய்ந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சமையலறையில் நான் உப்பு போடும்போது என்னைப் பார்க்கும் அதே பார்வை.

நடைக்குப் பழகிக்கொள்ளலாம், நான்கு குளம்பும் ஒவ்வொன்றாக விழும், தொட்டில்போல இருக்கும். சற்று வேகமெடுத்துக் குலுங்கி ஓடும் பெருநடைதான் வதை. மூலைக்கு மூலையான இரண்டு கால்கள் சேர்ந்து விழுவதால், ஒவ்வொரு அடிக்கும் சேணம் நம்மைத் தூக்கி எறியும். தாளத்தோடு எழுந்து எழுந்து உட்கார வேண்டும் என்றார்கள். நான் எழுந்தபோது சாது இறங்கியது. நான் இறங்கியபோது அது எழுந்தது. நாங்கள் சந்தித்துக்கொண்ட இடத்தின் நிலையைத்தான் முதல் வரியில் சொல்லிவிட்டேன்.

ஏழாவது கிலோமீட்டரில் ஓடை வந்தது. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று கேட்டவர்கள் உயிருள்ள குதிரையைப் பற்றி ஏன் எதுவும் சொல்லாமல் விட்டார்கள் என்று தெரியவில்லை. முழங்கால் ஆழத்தில் சாது நின்றது. முன்காலால் தண்ணீரைப் பட்டுப் பட்டென்று அடித்தது. குழந்தைபோல விளையாடுகிறதே என்று நான் நெகிழ்ந்துகொண்டிருந்தேன். "அக்கா, படுக்கப் போகிறது! காலால் தட்டுங்கள், நிற்க விடாதீர்கள்!" என்ற குரல் வந்தது. தட்டினேன். கெஞ்சினேன். என் வாழ்நாளில் எந்த ஆணிடமும் பேசாத பணிவோடு அதனிடம் பேசினேன். ஒரு நீண்ட பெருமூச்சுக்குப் பிறகு அது கரையேறியது. என் முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் நனைந்தது; மற்றது வியர்வை.

வீடு திரும்பும் வழி என்று தெரிந்ததும் எல்லாக் குதிரைகளுக்கும் புது வேகம் வந்துவிட்டது. குதிரை நடையிலேயே போனாலும் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய தூரத்தை, சாதுவின் மேய்ச்சலையும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் முடித்தோம். கூடத்து வாசலில் மாமியார் காத்திருந்தார். இறங்குவதற்கு யாராவது கை கொடுப்பார்களா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் கை நீட்டினார். சீட்டுகளுக்காக. ஒன்றையொன்று முகம் பார்க்காத ஐந்து சீட்டுகள். பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு நன்றி தெரிவிக்கும் கூட்டம் நடந்தது. வாளியில் சொட்டுச் சொட்டாக விழுந்த சத்தத்துக்கு நடுவே, கூரைக்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி சேர்ந்துவிட்டது என்று தலைவர் அறிவித்தபோது எனக்கே சற்றுத் தொண்டை அடைத்தது. இரும்பு நாற்காலிகளில் உட்காரும் துணிவு இல்லாமல் பின்சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அவர், "அடுத்த ஆண்டுப் பயணத்தைப் பொறுப்பேற்று நடத்த விருப்பம் உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றார். கூட்டம் மொத்தமும் நாற்காலியில் இன்னும் ஆழமாகப் பதிந்தது. நான் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

முதல் கைதட்டல் முன்வரிசையிலிருந்து வந்தது. இடுப்பை முழுதாகத் திருப்பி, என்னைப் பார்த்துத் தட்டினார் என் கணவர். அவசரமாக உட்கார்ந்து மறுத்துவிடலாம் என்று முயன்றேன். முழங்கால் பாதி மடங்கி அப்படியே நின்றுவிட்டது. கூட்டம் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலும் பலமாகத் தட்டியது.

"அடுத்த தடவை சீட்டையாவது பார்த்து வாங்கு" என்றார் மாமியார்.