அக்யூரசி வேறு, பிரசிஷன் வேறு

இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழில் பெரும்பாலும் 'துல்லியம்' என்றே எழுதிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடை இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக 50 கிலோ உள்ள எடைக்கல்லை அதில் ஐந்து முறை வைக்கிறோம். ஐந்து முறையும் 52.3 என்றே காட்டுகிறது. கொஞ்சம்கூடப் பிசகவில்லை, அது பிரசிஷன். ஆனால் காட்டும் எடை தப்பு, அக்யூரசி இல்லை. இன்னொரு இயந்திரம் 49, 51, 50.5, 49.5, 50 என்று அலைபாய்கிறது. சராசரி போட்டால் சரியாக 50. இது உண்மையை ஒட்டி நிற்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் தருவதில்லை.

எனக்கு முதல் வகையைப் பார்த்தால்தான் பயம். மாறாமல் ஒரே எண் வந்தால் நம்பிவிடுவோம். தசமப் புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம்! கணக்கில் வரும் 'பை'யின் (π, உண்மையில் 3.14159...) மதிப்பை ஒருவர் 3.1538 என்றும் இன்னொருவர் 3.14 என்றும் எழுதினால், நாலு இலக்கம் எழுதியவர்தான் உண்மையிலிருந்து அதிகம் விலகியிருக்கிறார்.

பிழையைச் சரிசெய்யும் வழியும் வேறு வேறு. 52.3 காட்டும் இயந்திரத்தை எத்தனை முறை சராசரி எடுத்தாலும் பயனில்லை. தெரிந்த எடையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அலைபாயும் இயந்திரத்துக்குப் பலமுறை அளந்து சராசரி எடுப்பதே போதும்.

அக்யூரசிக்குத் 'துல்லியம்' இருக்கட்டும். பிரசிஷனுக்கு நான் இப்போதெல்லாம் 'பிசகாமை' என்று எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.