வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே தொழில், மூன்று குடும்பப் பெயர்கள்

மார்ச் 3

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எந்தப் பெயர்ப் பட்டியலை எடுத்தாலும் ஒரு வாக்கர் இருப்பார். நெடுந்தூரம் நடந்த யாரோ ஒரு முன்னோரின் பெயர் என்று தோன்றும். அவர்கள் நடந்தது துணியின் மேல்.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி தளர்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீர், நாள்பட்ட சிறுநீர், ஒருவகைக் களிமண் எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். பழைய சிறுநீரில் உண்டாகும் அம்மோனியா பிசுக்கை எடுக்கும். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். குளிரையும் மழையையும் தாங்கும் துணி அப்புறம்தான் கிடைக்கும். அந்தக் களிமண் நமக்கும் தெரிந்ததுதான்: முகத்தில் பூசுகிற முல்தானி மட்டியின் இனம். இங்கிலாந்தில் சர்ரே பகுதியின் நட்ஃபீல்டு பக்கம் அதைத் தோண்டி எடுத்தார்கள்.

நாற்றத்தில், ஈரத்தில், நாள் முழுக்க நின்று செய்த வேலை. அதைச் செய்தவர்களின் பெயர் இத்தனை பேரிடம் நிலைத்திருப்பது எனக்கு மிகப் பிடித்திருக்கிறது.

மார்ச் 5

இதே வேலையைச் செய்தவருக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் வாக்கர். தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர். டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். ஃபுல்லர் லத்தீனிலிருந்து வந்தது. மற்ற இரண்டும் பழைய ஆங்கிலம். எக்ஸிடரில் 1471இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது. நெசவாளர்கள், துணி மிதிப்பவர்கள், துணியின் மயிரைக் கத்தரிப்பவர்கள் எல்லாருக்கும் பொதுவான சங்கத்தின் கூடம் அது.

மார்ச் 9

இன்று முழுக்க ஆலைகளைப் பற்றித்தான் படித்தேன். 1185இல் டெம்ப்ளர் துறவி வீரர்களின் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது யார்க்ஷரின் நியூஷாமிலும் குளோஸ்டர்ஷரின் பார்ட்டனிலும் துணியைத் தடிக்க வைக்கும் ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. தண்ணீர்ச் சக்கரம் சுற்ற, கனமான மரச் சுத்தியல்கள் மாறிமாறி விழுந்து துணியை அடிக்கும். கால்களுக்கு வேலை இல்லை.

ஆனால் ஆலை நிலப்பிரபுவுடையது. மடமோ பிரபுவோ ஆலை கட்டினால், குடிகள் துணியை அங்கேதான் கொண்டுவந்து கட்டணம் கொடுக்க வேண்டும். மடத்தின் ஆளுகையில் இருந்த செயின்ட் ஆல்பன்ஸ் ஊர் மக்கள் இதை ஏற்கவில்லை, வீட்டிலேயே மிதித்தார்கள். 1274இல் தகராறு முற்றியது. அந்த வழியாக வந்த எலினார் அரசியிடம் ஊர்ப் பெண்கள் கூட்டமாகப் போய் முறையிட்டார்கள். கடைசியில் வழக்கில் ஜெயித்தது மடாதிபதிதான்.

லண்டனில் எதிர்ப்பு வேறு விதம். 1298இல் அங்கிருந்த தொழிலாளர்கள், துணியை நகருக்கு வெளியே ஸ்ட்ராட்ஃபோர்டு ஆலைகளுக்கு அனுப்பக் கூடாது என்று தடை வாங்கினார்கள். இயந்திரம் வேலையைப் பறிக்கிறது என்ற குரல், நீராவி வருவதற்கு ஐந்நூறு வருஷம் முந்தியே கேட்டிருக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லையே என்று ஆதங்கமாக இருக்கிறது.

மார்ச் 10

நேற்றையதன் தொடர்ச்சி. தொழிற்பெயர், பிள்ளைகளுக்கும் சேர்கிற குடும்பப் பெயராக உறைந்தது பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டில்; வடக்கே இன்னும் தாமதம். யார்க்ஷரின் 1379ஆம் ஆண்டுத் தலைவரிப் பட்டியலில் பெயரும் தொழிலும் ஒத்துப்போகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குள் சுத்தியல் ஆலை வந்து இருநூறு வருஷம்! அப்படியானால், வாக்கர் என்ற பெயரைப் பிள்ளைக்கு விட்டுப்போன முதல் தலைமுறையிலேயே பலர் துணியை மிதித்திருக்க மாட்டார்கள். ஆலையில் சுத்தியலுக்கு அடியில் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். தொழில் மாறியும் ஊர் வாய் பழைய பெயரை விடவில்லை.

மார்ச் 16

லீட்ஸிலேயே இருக்கும் ஆர்ம்லி ஆலைக்குப் போய் வந்தேன். 1805இல் தீப்பிடித்த பிறகு கம்பளித் தொழிலதிபர் பெஞ்சமின் காட் மறுபடி கட்டியது, இப்போது அருங்காட்சியகம். பக்கத்திலேயே ஏர் ஆறு. இந்தத் தண்ணீர்தான் சுத்தியல்களைத் தூக்கியது.

மார்ச் 17

ஒன்று விட்டுப்போனது. எல்லா வாக்கரும் துணிக்காரர் வழி என்று சொல்லிவிட முடியாது. நியூகாஸிலில் ரோமானியர் கட்டிய சுவரை ஒட்டி வாக்கர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. சுவரோரச் சதுப்பு நிலம் என்று பொருள். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய குடும்பங்களும் உண்டு.