பூஜ்யத்தில் முடிந்த எண்கள்

உயர் ரத்த அழுத்த ஆய்வுக்கென்று நாங்கள் தொடங்கிய ஆய்விதழின் முதல் பிரதியை எப்போது கையில் எடுத்தாலும், அதில் இடம்பெறாத ஒரு கட்டுரைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது மாறவில்லை.

புதிய ஆய்விதழுக்கு நல்ல கட்டுரை எளிதில் வராது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்தே, ஓர் இதழின் மதிப்பைக் காட்டும் எண்ணான இம்பேக்ட் ஃபேக்டர் கணக்கிடப்படுவதால், பிறந்த குழந்தைக்கு அது இருக்க வழியில்லை. அது இல்லாத இதழுக்குத் தம் உழைப்பைத் தர யாரும் தயங்குவார்கள். தயங்காமல் அனுப்பியவர் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இளம் மருத்துவர். நான் கேட்டவுடன் மூலத் தரவையும் எக்செல் தாளில் அனுப்பிவைத்தார்.

140/90, 150/90, 130/80, 160/100, 140/80. பக்கம் பக்கமாக இப்படியே போயிற்று. ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசமானியில் கோடுகள் இரண்டு இரண்டு மில்லிமீட்டராக இருப்பதால், கவனமாகப் படித்தால் ஐந்தில் ஓர் அளவுதான் பூஜ்யத்தில் முடிய வேண்டும். இங்கே பாதிக்கு மேல் அப்படி முடிந்தன. 140ஐத் தொட்டால் உயர் ரத்த அழுத்தம் என்று கொள்வதால், 136ஐ 140 என்று எழுதிவிட்டால், நோயில்லாதவர் அந்த ஒரு வரியில் நோயாளியாகிவிடுகிறார்.

தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "சார், காலை ஓ.பி.யில் எண்பது பேர் நிற்பார்கள். ஒவ்வொருவரையும் ஐந்து நிமிடம் உட்காரவைத்து இரண்டு முறை பார்த்தால் நான் எப்போது முடிப்பது?" என்றார். "அளவே சரியில்லை என்றால் ஆய்வு எதற்கு, டாக்டர்?" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அப்படியென்றால் எங்கள் நோயாளிகள் எந்த இதழிலும் வரமாட்டார்கள், சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கணக்கை நான் பிறகுதான் போட்டேன். நொடிக்கு இரண்டு மில்லிமீட்டராகப் பாதரசத்தை 180இலிருந்து 80க்கு இறக்க ஐம்பது நொடி ஆகும். இரண்டு அளவு, இடையில் ஒரு நிமிடம், முன்னால் ஐந்து நிமிட ஓய்வு எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய எட்டு நிமிடம். எண்பது பேருக்குப் பத்தரை மணி நேரத்துக்கும் மேல்.

ஆனாலும் நான் செய்தது சரிதான் என்றே பல நாள் எண்ணியிருக்கிறேன். ரத்த அழுத்தத்தை 120க்குக் கீழே இறக்கினால் நன்மை உண்டா என்று பார்க்க 9,361 பேரை வைத்து நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வு 2015இல் வெளிவந்தபோது, நோயாளி அமர்ந்து ஓய்வெடுத்த பின் தானியங்கிக் கருவி காட்டிய 120ம், சாதாரண மருத்துவமனையில் அவசரத்தில் எடுக்கும் 120ம் ஒன்றாகுமா என்று உலகமே விவாதித்தது. அளவிடும் முறையே எல்லாமாக இருக்கும் துறையில், முதல் இதழிலேயே அதைத் தளர்த்தினால் பிறகு எதைக் காப்பாற்ற முடியும்?

இந்த வாதம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. அதே முதல் இதழில் பெரிய மருத்துவமனையின் மூத்த பேராசிரியர் ஒருவரின் கட்டுரை வந்தது. அவரிடம் நான் மூலத் தரவைக் கேட்கவில்லை. எங்கள் ஆசிரியர் குழுவில் சேர அவர் அப்போதுதான் இசைந்திருந்தார். மூலத் தரவு கட்டாயம் என்ற விதியை நாங்கள் எழுதியது பிறகுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விதி இல்லாதபோதுதானே அந்த மருத்துவரிடமும் கேட்டேன்.

அந்தப் பூஜ்யங்களையே கண்டறிதலாக வைத்து ஒரு சிற்றறிக்கை எழுதச் சொல்லியிருக்கலாம் என்பதும் தாமதமாகத்தான் தோன்றியது. அப்படி எழுதியிருந்தால் மேலதிகாரிகள் அவரையே குறை சொல்லியிருக்கவும் கூடும். எனக்குத் தெளிவில்லை.

சென்ற மாதம் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தத் தரவை மீண்டும் அனுப்பும்படி அதில் கேட்டிருக்கிறேன். பேராசிரியரிடமும் தரவைக் கேட்காமல் அந்தக் கடிதத்தை அனுப்ப மனம் வரவில்லை. அவரிடம் இன்னும் கேட்கவில்லை.