கடைசிப் பக்கத்து டீச்சர்

சனிக்கிழமை சாயங்காலம் தங்கச்சி மகள் என் கதை நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். 62 பக்கம். 43ஆம் பக்கத்தில் பீட்ரூட் கறை. தட்டுவடை செட்டைத் தின்றுகொண்டே படித்திருக்கிறாள். திட்ட வாயெடுத்தேன். கீழே வைக்க மனசில்லாமல்தானே தின்னும்போதும் கையில் வைத்திருந்திருக்கிறாள் என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறவள். பகலெல்லாம் வெள்ளி எடை, சேதாரம், கூலி. ராத்திரியில் இரண்டு வருஷமாக இந்தக் கதை. ஓமலூர்ப் பக்கம் ஒரு ஊர், வருஷம் 1992, பதிமூன்று வயசுப் பெண். அவள் அம்மா மூன்றாவது முறை மாசமாக இருக்கிறாள். முதல் இரண்டும் பெண். வீட்டில் ஆயா (பாட்டி) இருக்கிறது. வேலியோரம் எருக்கஞ்செடி இருக்கிறது. இதற்குமேல் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காக: பெண் குழந்தை வேண்டாம் என்றால் கொல்லாதீர்கள், எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று அரசாங்கமே தொட்டில் கட்டி வைத்தது அந்த வருஷம்தான். ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, முதலில் சேலம் மாவட்டத்தில். யார் நீ, எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். பிள்ளையைத் தூக்கிப்போட இது சுலபமான வழியாகிவிட்டது என்று திட்டியவர்களும் உண்டு. அது நியாயமான பேச்சு. ஆனால் தொட்டிலில் கிடந்த குழந்தை மூச்சு விட்டது. நான் அந்தப் பக்கம்தான்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. மூன்று வீடு தள்ளி ஒரு குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. "பால் ஒத்துக்கல" என்றார்கள் பெரியவர்கள். பாண்டி ஆடிக்கொண்டிருந்த எங்கள் எல்லாருக்கும் என்ன பால் என்று தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை. அந்த வயசில் நான் படித்தது அம்புலிமாமாவும் ராணி காமிக்ஸும். ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்ட் பக்கத்துக்கு ஒருத்தனைச் சுட்டுத் தள்ளுவார். இது சின்னப் பிள்ளைக்கு ஆகுமா என்று யாரும் கேட்டதில்லை. மூன்று வீடு தள்ளி நடப்பதை எழுதினால்தான் கேட்பார்கள்.

தங்கச்சியும் கேட்டாள். "இந்த வயசுல இதெல்லாம் அவளுக்கு எதுக்குக்கா?" மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன வருஷம் அவள் வகுப்பில் ஒரு பெண் காலாண்டு லீவு முடிந்து வரவே இல்லை. கல்யாணம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், பேரேட்டில் வேறு என்னவோ எழுதியிருந்தார்களாம். அதைச் சொல்லித் தங்கச்சியின் வாயை அடைத்திருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் மூன்றாவது பிறந்தது பெண்தான். தங்கச்சிதான் அது. இந்தக் கதை வேண்டாம் என்று அவள் சொல்வது மகளுக்காக மட்டும் இல்லை.

ஆனாலும் மகள் நோட்டை எடுத்துப் போய்விட்டாள். பென்சிலால் ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தாள். 57ஆம் பக்கத்தில்: "1098 எப்படி? அது 1996லதான் பாம்பேல ஆரம்பிச்சாங்க பெரிம்மா." எனக்கு முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகள் உதவிக்குக் கூப்பிடும் அந்த நம்பரைத் தெருச் சுவரில் பார்த்துப் பார்த்து, அது எப்போதும் இருந்தது மாதிரி நினைத்துவிட்டேன்.

60ஆம் பக்கத்தில்: "இந்த டீச்சர் யாரு? இதுவரைக்கும் வரவே இல்லையே. நீதி போதனை பீரியட் மாதிரி இருக்கு."

மாட்டிக்கொண்டேன். கடைசி மூன்று பக்கத்துக்கு ஒரு சரோஜா டீச்சரைக் கூட்டி வந்திருந்தேன். வருகிறார், ஆயாவுக்கு எடுத்துச் சொல்கிறார், ஆயா அழுகிறது, குழந்தை தொட்டிலுக்குப் போகிறது. இந்த டீச்சரை நான் நூறு கதையில் பார்த்துச் சலித்திருக்கிறேன். சில கதையில் போலீஸ் மாமாவாக வருவார், சிலதில் ஊரிலிருந்து வரும் சித்தப்பா. நம்முடைய இளையோர் கதைகளில் பாதி இவர்களால் கெட்டுப்போனது என்று வாய் கிழியப் பேசுகிறவள் நான். என் கதையிலும் அவரே வந்து உட்கார்ந்திருக்கிறார்! பயம்தான் காரணம். அந்தப் பெண்ணை ஆயாவோடு தனியாக விட்டுவிட்டு வெளியே வர எனக்குத் தைரியம் இல்லை.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. பதினைந்து வயசுப் பையன் கொலை செய்துவிடுகிறான், தொடக்கத்திலேயே. பிறகு அப்பாவும் மகனும் காடுமேடாக ஒளிந்து திரிகிறார்கள். எங்கே தண்ணீர், எதைத் தின்பது, எங்கே படுப்பது. நடுவில் யாரும் வந்து பையனுக்குப் புத்தி சொல்வதில்லை. அதை இளையோர் நாவல் என்று யாரும் தனி அலமாரியில் வைக்கவில்லை, அப்படி ஒரு அலமாரியே நம்மிடம் உருப்படியாக இல்லை.

அமெரிக்காவில் அந்த அலமாரி பெரிசு. லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதிய 'ஸ்பீக்' 1999இல் வந்தது. அகராதியும் கையுமாகப் படித்து முடித்தேன். அதுவும் ஒன்பதாம் வகுப்புப் பெண்தான். அவளுக்கு நேர்ந்த பலாத்காரத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் பேச்சையே குறைத்துக்கொள்கிறாள். அதிலும் ஒரு டீச்சர் உண்டு, ஓவிய வாத்தியார். அவர் செய்வதெல்லாம், வருஷம் முழுக்க வரைய ஆளுக்கு ஒரு பொருள் கொடுப்பது. இவளுக்கு வருவது மரம். வரைகிறாள், கெடுக்கிறாள், திரும்ப வரைகிறாள். கடைசியில் அவன் மறுபடி வரும்போது கத்துவதும் எதிர்ப்பதும் அவளேதான். என் சரோஜா டீச்சருக்கு ஒரு மரம் கொடுக்கத் தோன்றவில்லை.

"எது நல்லா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஆயா சோறு போடற இடம்" என்றாள். "அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு. அந்தக் கைதானே."

அந்த இடம் மட்டும்தான் நான் கற்பனை செய்யாதது. மூன்று வீடு தள்ளி இருந்த அந்த ஆயா எங்களுக்கெல்லாம் மருதாணி அரைத்து வைக்கும். கொட்டைப்பாக்கு போட்டு அம்மியில் அரைக்கும். ராத்திரி கலைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு விரலாகத் துணி சுற்றிக் கட்டும். கையை முகர்ந்துகொண்டே தூங்குவோம்.

"அந்த ஆயா என்னாச்சு?"

"2009ல செத்துப்போச்சு. நான் போயிருந்தேன்."

"அழுதியா?"

"அழுதேன்."

அவள் எதுவும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி எங்கேயோ திருப்பிப் பென்சிலால் எதையோ எழுதிவிட்டு, டியூஷனுக்கு நேரமாச்சு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரிசாக ஏதோ எழுதியிருப்பாள் என்று தேடிப் பார்த்தேன். 31ஆம் பக்கத்தில் 'மருதானி' என்று எழுதியிருந்தேன். 'னி'யை அடித்து 'ணி' போட்டிருந்தாள்.