பாயசம் முதலில், ரசம் அப்புறம்
மல்லேஸ்வரத்துக்குக் குடிவந்து 11 வருஷம். இன்னும் அம்மாவுக்கு என் வேலை பிடிபடவில்லை. "கிருமியை வச்சிக்கிட்டு என்னதான்டா பண்றே?" நேற்று போனில் ஒருவழியாகச் சொல்லிப் பார்த்தேன்.

ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு குளுக்கோஸும், பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸும் கலந்து வைத்தால், குளுக்கோஸைத்தான் முதலில் காலி செய்யும். தீர்ந்ததும் வளர்ச்சி கொஞ்ச நேரம் நின்றுவிடும். லாக்டோஸை உடைக்கும் என்சைமைத் தயாரித்துக்கொண்டு மறுபடி கிளம்பும். 1940களில் பிரெஞ்சு விஞ்ஞானி ழாக் மோனோ கவனித்தது இது. இதற்குப் பின்னால் இருக்கும், அந்த என்சைமைத் தேவைப்படும்போது மட்டும் தயாரிக்க வைக்கும் ஜீன் சுவிட்சை அவரும் பிரான்சுவா ஜேக்கப்பும் 1961இல் விளக்கினார்கள், 1965இல் நோபல்.

படிக்க ரெண்டு வரி. ராத்திரி 2 மணிக்கு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கிருமி பெருகப் பெருகக் கூடும் கலங்கலை அளந்து கிராஃபில் குறிக்கும்போதுதான் வளர்ச்சிக் கோடு எவ்வளவு நேரம் படுத்துக் கிடக்கிறது என்று தெரியும். என் முதல் தடவை கோடு எழுந்திருக்கவே இல்லை. லாக்டோஸ் போட மறந்திருந்தேன்.

(பெங்களூர் மார்கழிக்கு இட்லி மாவு பொங்காது. கிருமி வளர்க்கும் 37 டிகிரி இன்குபேட்டரைப் பார்த்தால் கை பரபரக்கும். சத்தியமாக வைத்ததில்லை.)

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "இதுக்கா இத்தனை படிப்பு? நீயும்தான் பாயசம் தீர்ற வரைக்கும் ரசத்தைத் தொடமாட்டே."