டிரைவரில் அரே எல்லை தாண்டும் பிழை: திருத்தப் பழகுவது எப்படி?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் படிக்கத் தொடங்குபவர்கள் கேட்டால், அரே எல்லை தாண்டும் பிழைகளை, அதாவது ஓர் அரேயில் (உறுப்புகளின் வரிசையில்) இல்லாத உறுப்பைத் தொடும் பிழைகளை, முதலில் எடுங்கள் என்றுதான் சொல்வேன். திருத்தம் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்த வரி எங்கே போக வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள், சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவரில் பாதியைப் படித்திருப்பீர்கள்.

கர்னல் ஓடும்போதே பிழைகளைக் காட்டும் கருவிகளான யூபிசான் (UBSAN), கேசான் (KASAN) இரண்டையும் சேர்த்து கர்னலை பில்ட் செய்து, கியூஎமு (QEMU) என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பாருங்கள். அளவு முன்பே தெரிந்த அரே என்றால், எந்த இண்டெக்ஸ் (உறுப்பின் வரிசை எண்) தாண்டியது என்று யூபிசான் நேரடியாகச் சொல்லிவிடும். கேசான் பார்ப்பது மெமரியை. அதன் பொதுவான முறையில் ஒவ்வொரு 8 பைட்டுக்கும், அவற்றைத் தொடலாமா என்று குறித்துவைக்கும் 1 நிழல் பைட் வைத்துக் கண்காணிக்கிறது. ஆனால் ஒரு ஸ்ட்ரக்டுக்குள் (பல உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய தரவுத் தொகுப்புக்குள்) இருக்கும் அரே தாண்டி, அதே ஸ்ட்ரக்டின் அடுத்த உறுப்பில் எழுதினால் கேசான் கண்ணில் படாது. அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

கேசான் ரிப்போர்ட்டில் பலரும், எந்தெந்த ஃபங்ஷன் வழியாகப் பிழை வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸோடு நிறுத்திவிடுகிறார்கள். கீழே போய்ப் பாருங்கள். "64 பைட் பகுதிக்கு வலப்புறம் 0 பைட்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், எல்லையை ஒட்டிய அடுத்த இடத்தையே தொட்டிருக்கிறது. அப்படியென்றால் முதலில் ஒப்பீட்டைச் சந்தேகிக்கலாம். 8 உறுப்புள்ள அரேயில் கடைசி இண்டெக்ஸ் 7. "8-ஐ விடப் பெரிதா" என்று சோதித்தால் 8 தப்பித்துவிடும்; "8 அல்லது அதற்கு மேலா" என்றுதான் கேட்க வேண்டும். வெறும் 8 என்று எழுதாமல் அரேயின் உறுப்பு எண்ணிக்கையைத் தரும் அரே-சைஸ் (ARRAY_SIZE) மேக்ரோவைப் பயன்படுத்துங்கள். இண்டெக்ஸ் மைனஸ் எண்ணையும் ஏற்கும் சைன்டு வகையா என்றும் பாருங்கள், மைனஸ் 1 மேல் எல்லைச் சோதனையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

சரி, சோதனையைப் போட்டாயிற்று. அத்தோடு விட்டுவிடக் கூடாது. அந்த எண் எங்கிருந்து வந்தது? யூஎஸ்பி சாதனம் தன்னைப் பற்றித் தரும் டிஸ்கிரிப்டரா, சாதனத்துக்குள் ஓடும் ஃபர்ம்வேரா, பயனரின் நிரல் டிரைவருக்கு அனுப்பும் ioctl கட்டளையா? வெளியிலிருந்து வரும் எண்ணை நம்பக் கூடாது. அது டிரைவருக்குள் நுழையும் இடத்திலேயே சோதித்து, தவறென்றால் பிழைக் குறியீட்டோடு திரும்புங்கள். எல்லை தாண்டிய எண்ணைக் கடைசி உறுப்பின் இண்டெக்ஸாக மாற்றிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. பிழை மறைந்து, வேறொரு உறுப்பின் தரவு கெட்டுப்போகும். யூசர் ஸ்பேஸ் (கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்கள்) தரும் இண்டெக்ஸ் என்றால், 2018-இல் வெளியான ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்புக் குறைக்குப் பிறகு, சோதனையை அடுத்து, பிராசசர் முன்கூட்டியே ஊகித்து ஓட்டும்போதும் இண்டெக்ஸை எல்லைக்குள் வைக்கும் நோஸ்பெக் (array_index_nospec) மேக்ரோவும் தேவைப்படலாம்.

அப்புறம், பேட்ச்சோடு (நீங்கள் அனுப்பும் திருத்தத்தோடு) எழுதும் விளக்கம். "சோதனை சேர்த்தேன்" என்பது போதாது. எந்த மதிப்பு, எந்த வழியாக வந்து எல்லையைத் தாண்டுகிறது என்று எழுதுங்கள். பேட்ச்சைப் பரிசீலிக்கும் ரிவியூவர் கேட்கும் முதல் கேள்வியே "இது உண்மையில் நடக்குமா?" என்பதுதான். பிழையை நுழைத்த கமிட்டின் (பதிவான பழைய மாற்றத்தின்) அடையாளக் குறியீடான ஹாஷில் முதல் 12 எழுத்துகளை, விளக்கத்தின் இறுதியில் வரும் ஃபிக்சஸ் (Fixes:) வரியில் சேருங்கள். பழைய நிலையான பதிப்புகளில் எவற்றுக்கு இந்தத் திருத்தம் தேவை என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.